மாமா சொன்ன படங்கள்

ஜான் வெயின் என்ற பெயரை நான் முதலில் கேட்டது தியேட்டரில் அல்ல. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள், ஒரு படகின் முன்பக்கத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். சொன்னவர் என் தாய்மாமா. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில் அவருக்குப் படகு ஓட்டும் வேலை. ஆராய்ச்சி மாணவர்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் வருவார். அவர்கள் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கித் தண்ணீரைப் புட்டியில் பிடிப்பார்கள், சேற்றை அள்ளிப் பையில் கட்டுவார்கள், இறால் குஞ்சுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அதுவரை மாமா கழியை ஊன்றி, படகு நகராமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் கிள்ளையிலிருந்து நானும் தொற்றிக்கொள்வேன். அந்தச் சும்மா இருக்கிற நேரம் முழுவதும் எனக்குக் கதை நேரம்.

மாணவர்கள் மெட்ராஸிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள். வேலைக்கு நடுவே அவர்கள் பேசுவது பாதி நண்டு, பாதி சினிமா. மாமா காதைத் தீட்டி வைத்திருப்பார். அவர் பேசிய இங்கிலீஷ் படகோட்டத் தேவையான அளவுதான், ஆனால் ஒரு படத்தின் கதை காதில் விழுந்துவிட்டால் அதை முழுதாகத் தமிழில் கட்டி எழுப்பிவிடுவார். "ஆறடி நாலு அங்குலம் பாப்பா. கப்பல் பாய்மரம் மாதிரி ஆளு. ஜீப்பு முன்னாடி, மட்கார்டு மேல ஒரு நாற்காலி, அதுல உக்காந்துக்குவான். கையில நீளக் கழி, முனையில சுருக்கு. காண்டாமிருகம் பக்கத்துல ஓடுது. ஜீப்பும் ஓடுது." கையிலிருந்த கழியைத் தூக்கிக் காட்டுவார். படகு ஆடும். சேற்றில் நிற்கிற மாணவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சத்தம் போடுவார்.

அந்தப் படம் 'ஹட்டாரி'. 1962இல் வந்தது. நான் அதைச் சிதம்பரத்தில் பார்த்தபோது எழுபதுகளின் நடுப்பகுதி. பிரிண்ட் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து, திரை முழுக்க மழைக்கோடு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் படம் என்றால் மார்னிங் ஷோதான். கிள்ளை பஸ்ஸில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தியேட்டருக்கு ஓட்டமும் நடையுமாகப் போவோம். பின்னால் நாற்காலி வரிசைகளில் பல்கலைக்கழக மாணவர்கள். முன்னால் பெஞ்சில் எங்களைப் போன்றவர்கள்: ரிக்ஷாக்காரர்கள், மீன் மார்க்கெட் ஆட்கள், வயல் வேலை இல்லாத நாளில் வந்த பையன்கள். முதலில் அரசாங்கத்தின் நியூஸ் ரீல் ஓடும். அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும் காட்டி முடித்த பிறகு சிங்கம் கர்ஜிக்குமா, மலையைச் சுற்றி நட்சத்திரங்கள் வருமா, தீபத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாள் நிற்பாளா என்று பெஞ்சில் பந்தயம் நடக்கும். எந்தக் கம்பெனிப் படம் என்பது அந்த முத்திரையில்தான் எங்களுக்குத் தெரியும்.

வசனம் ஒன்றும் புரியாது. பின்வரிசை மாணவர்கள் சிரித்தால், சிரிக்கிற இடம் என்று தெரிந்துகொண்டு நாங்களும் சிரிப்போம். மாமா என் காதில் கதை சொல்லிக்கொண்டே வருவார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து எங்கள் பக்கம் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். யாரோ ஒருவர், "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்யா" என்பார். மாமா குரலை உயர்த்துவார். பின்வரிசையிலிருந்து அதட்டல் வரும். இறக்கிக்கொள்வார்.

அவர் கதை சொல்வதில் ஒரு பழக்கம் இருந்தது. ஹட்டாரியில் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அவர்களோடு ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிற, கயிறு பிடிக்கிற, கூண்டு தூக்குகிற ஆப்பிரிக்கர்களைப் படம் நின்று பார்ப்பதில்லை. மாமா அவர்களுக்குப் பெயர் வைத்துவிடுவார். "இப்ப மாணிக்கம் கயித்த வுடுறான் பாரு. சின்னத்தம்பி அந்தப் பக்கம் போறான், அவன்தான் கெட்டிக்காரன்." காண்டாமிருகம் பிடிபட்டது ஜான் வெயினால் என்பதைவிட, சின்னத்தம்பி கயிற்றைச் சரியான நேரத்தில் இழுத்ததால் என்பதுதான் மாமா சொன்ன கதை. மாணவர்கள் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எந்த வாய்க்காலில் எத்தனை உப்பு என்று இருக்கும், அந்த வாய்க்காலுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போனவர் பெயர் இருக்காது. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால் திரையில் பெயரில்லாமல் ஓடிய ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் கொடுத்தார். பெயர்கள் படத்துக்குப் படம் மாறவும் மாறாது.

பிற்பாடு படித்தபோது, அந்தக் காட்சிகளில் ஜான் வெயினும் மற்ற நடிகர்களும் தாங்களே ஜீப்பில் தொங்கி நிஜ மிருகங்களைத் துரத்தினார்கள் என்று தெரிந்தது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் டாங்கனிக்காவில் போய் உட்கார்ந்து எடுத்த படம் அது. அதை அறியாத வயதிலேயே பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் அது பட்டிருந்தது. புழுதியும், ஜீப்பின் குலுக்கலும், கயிறு கைநழுவினால் உள்ளங்கை எரிவதும் யாருக்கும் விளக்க வேண்டியதாக இல்லை. பாஷை புரியாதவன் கையையும் காலையும்தான் பார்ப்பான். பழைய ஹாலிவுட் படங்களில் எனக்குப் பிடித்துப்போனது அதுதான்: மனிதர்கள் ஒரு வேலையைச் செய்வதை அவசரப்படாமல் காட்டினார்கள்.

அப்பாவுக்குச் சினிமாவில் நாட்டம் இல்லை. எங்கள் மாமா நச்சரித்து ஒரே ஒரு படத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தார். மீன் பிடிக்கிற கதை என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்: 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ'. 1958ஆம் வருடத்துப் படம், ஸ்பென்சர் டிரேசி நடித்தது. கியூபாவில் ஒரு கிழவர், ஒற்றை ஆளாகப் படகில் போய்ப் பெரிய மீனைத் தூண்டிலில் மாட்டுகிறார். அது இரவும் பகலும் படகை இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் அதைக் கொன்று படகின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு திரும்பும்போது சுறாக்கள் வந்து தின்றுவிடுகின்றன. அப்பா பெஞ்சில் முதுகை நிமிர்த்தி, சந்தையில் வலை வாங்கப் போனவர் நூலைச் சோதிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் மாமாவிடம் சொன்னார்: "இது கடல் இல்லப்பா. படகு அடியில தண்ணி தூக்கலையே. குளத்துல வச்சு எடுத்துருக்கான்." மாமாவுக்கு முகம் வாடிவிட்டது.

அப்பா சொன்னது அப்படியே உண்மை. கடலில் போய் எடுக்க முயன்று, முடியாமல், படத்தின் பெரும்பகுதியை ஸ்டுடியோத் தொட்டியில்தான் எடுத்தார்கள். கதையை எழுதிய ஹெமிங்வேயே நிஜமான மீனைப் படம்பிடிக்கப் பெரு நாட்டுக் கடல்வரை போயிருந்தார், அப்படியும் தொட்டிதான். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. "தண்ணி பொய். அந்தக் கிழவன் கையில கயிறு அறுக்குது பாரு, அது பொய் இல்ல."

1975இல் சினிமா எங்கள் காட்டுக்கே வந்தது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'. சத்யா மூவீஸ் படம், ஏ.ஜெகந்நாதன் இயக்கியது. ஷூட்டிங் பிச்சாவரத்தில் என்று தெரிந்ததும் சுற்று வட்டாரத்தில் அடுப்பு பற்றவில்லை. கிள்ளை, பரங்கிப்பேட்டை, முடசலோடை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள். கரையில் இடம் கிடைக்காதவர்கள் சேற்றில் இறங்கிச் சுரபுன்னை வேர்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீருக்குள் இறங்கும், உட்காரவும் வசதி, விழாமல் பிடித்துக்கொள்ளவும் வசதி. ஆயா மட்டும், "தில்லை மரத்துப் பக்கம் போவாதடி, பால் கண்ணுல பட்டா அவரையும் பார்க்க முடியாது, யாரையும் பார்க்க முடியாது" என்று கத்திக்கொண்டிருந்தாள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அந்த மரம் எங்கள் காட்டில்தான் இன்னும் நிற்கிறது. அதன் பால் அப்படித்தான், கண்ணைக் கெடுக்கும்.

மோட்டார் படகு சீறிக்கொண்டு போனபோது கிளம்பிய அலை வாய்க்காலின் இரு கரையிலும் மோதி எங்கள் இடுப்பை நனைத்தது. கூட்டம் அதற்கே விசில் அடித்தது. மாமாவும் அடித்தார். அன்று மாலை அவர் சொன்னது எனக்கு வெகுநாள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது: "தலைவரும் மார்னிங் ஷோ பாத்தவருதான் பாப்பா."

அது எவ்வளவு சரி என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. ஷூட்டிங்குக்காகக் கல்கத்தாவில் தங்கியிருந்த இளம் நடிகர் எம்.ஜி.ஆர்., ரொனால்ட் கோல்மன் நடித்த 'இஃப் ஐ வேர் கிங்' படத்தைப் பார்த்தார். நான் ராஜாவானால் என்ன செய்வேன் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. அது 1958இல் 'நாடோடி மன்னன்' ஆயிற்று. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் வைத்தியர் அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கொள்ளைக்காரராக மாறுகிறாரே, அதற்கு முன்னால் 1935இல் எரோல் ஃபிளின் 'கேப்டன் பிளட்' படத்தில் அதே வைத்தியர். 'அன்பே வா'வுக்குப் பின்னால் 'கம் செப்டம்பர்'. 'கலங்கரை விளக்கம்' படத்துக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. இதையெல்லாம் காப்பி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேப்டன் பிளட் ஒரு தனி மனிதன் தன் மானத்தை மீட்கிற கதை. எங்கள் ஆயிரத்தில் ஒருவனில் கூட்டமாகப் பாடுகிறார்கள், கூட்டமாக விடுதலை கேட்கிறார்கள். அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு நாற்று நட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எடுத்தது எங்கிருந்தோ, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

எம்.ஜி.ஆரின் முதல் படத்தை இயக்கியவரே ஓர் அமெரிக்கர். எல்லிஸ் ஆர். டங்கன், ஓஹையோ மாநிலத்துக்காரர். 1935இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த வருடம் 'சதிலீலாவதி'யை எடுத்தார். பிறகு எம்.எஸ்.சுப்புலட்சுமியை வைத்து 'சகுந்தலை', 'மீரா', கடைசியில் 1950இல் 'மந்திரி குமாரி', 'பொன்முடி'. தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்த மனிதர். ஆங்கிலம் தெரியாமலே ஆங்கிலப் படம் பார்த்த எங்கள் பெஞ்சு வரிசைக்கு அவர் நெருங்கிய உறவு என்று நான் நினைத்துக்கொள்வேன். வார்த்தை கைகொடுக்காத இடத்தில் அவரும் முகத்தையும் அசைவையும் நம்பித்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

'ரோமன் ஹாலிடே' பார்த்தது அதற்குப் பிறகு. என் வயதுப் பெண்கள் இருவர் எங்களோடு வந்தார்கள். இளவரசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் சலூனுக்குள் நுழைந்து முடியை வெட்டச் சொல்கிற காட்சி. முடிவெட்டுகிறவர் இவ்வளவா என்று தொட்டுக் காட்டுகிறார், அவள் இன்னும் மேலே என்கிறாள், அவர் நம்ப மாட்டாமல் மறுபடி கேட்கிறார், இன்னும் மேலே. ஒவ்வொரு கத்தரிப்புக்கும் அவள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி மடித்த சடைகளோடு நாங்கள் மூவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா அந்த இடத்தில் கதை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் அந்தச் சலூன் கண்ணாடி எனக்கு இன்றைக்கும் கலரில்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'தி ஆஃப்ரிக்கன் குவீன்'. ஜான் ஹஸ்டன் இயக்கி 1951இல் வந்தது. ஹம்ப்ரி போகார்ட் ஓட்டை நீராவிப் படகை வைத்துக்கொண்டு ஆற்றில் சரக்கு ஏற்றுகிறவர். காத்தரின் ஹெப்பர்ன் பாதிரியாரின் தங்கை. 1914, முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஏரியில் காவல் நிற்கும் ஜெர்மன் கப்பலைத் தகர்க்க இருவரும் ஆற்றோடு இறங்குகிறார்கள்.

பாறையும் நீர்வீழ்ச்சியும் தாண்டிய பிறகு ஆறு ஒரு நாணல் காட்டுக்குள் நுழைந்து கிளை கிளையாகப் பிரிந்து காணாமல் போகிறது. எது வழி, எது முட்டுச்சந்து என்று தெரியாது. தண்ணீர் குறைந்து படகு தரை தட்டுகிறது. போகார்ட் மார்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு, படகை இழுக்கத் தொடங்குகிறார்.

அந்த இடத்தில் பெஞ்சில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் காட்டுக்குள் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள். கடல் தண்ணீர் ஏறும்போது படகு எங்கே வேண்டுமானாலும் போகும். வற்றும்போது போன வழியே வழி இல்லாமல் ஆகிவிடும். வற்றுகிற நேரத்தைத் தப்பவிட்ட படகுகளை அப்பா இழுத்து வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கயிறு தோளில், உடம்பு முன்னால் சாய்ந்து, முகம் தண்ணீருக்குப் பக்கத்தில். கால் முட்டிவரை சேற்றில் புதையும். வேரில் ஒட்டிய சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். பின்னால் அம்மா தள்ளிக்கொண்டு வருவாள், சேலையை வரிந்து கட்டி, வாயில் மீன் பறியின் கயிற்றைக் கடித்துக்கொண்டு. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், அதனால் பறி வாயில். ஹெப்பர்னும் தண்ணீரில் இறங்குகிறார், நாணலை வெட்டுகிறார், தள்ளுகிறார். இப்படி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

பிறகு அட்டைகள். போகார்ட் கரையேறி வந்தபோது முதுகெல்லாம் ஒட்டியிருக்கின்றன. உப்பைப் போட்டு எடுக்கிறார்கள். எங்கள் உப்புத் தண்ணீரில் அட்டை கிடையாது, ஆனால் பெஞ்சில் பாதிப்பேர் வயல்காட்டு ஆட்கள். "உப்பு, உப்பு" என்று படத்தில் எடுப்பதற்கு முன்னாலேயே குரல் கிளம்பியது. அட்டையை எடுத்து முடித்த பிறகு போகார்ட் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார், உடம்பு நடுங்குகிறது. பார்வை தண்ணீருக்குப் போகிறது. மறுபடி அதில்தான் இறங்க வேண்டும், வேறு வழி இல்லை என்பது அந்த முகத்தில் மெல்ல ஏறுகிறது. ஒன்றும் பேசாமல் இறங்குகிறார். அந்தப் படத்துக்காகத்தான் அவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர். அந்த முகத்துக்காகவே கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இழுத்து இழுத்துச் சலித்து, இருவரும் படகில் விழுந்து, அவள் பிரார்த்தனை செய்கிறாள். காமிரா மேலே உயர்கிறது. ஏரி இதோ, கைக்கெட்டும் தூரத்தில். நாணல் மறைப்பதால் அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கேயோ மழை தொடங்குகிறது. ஆறு பெருகுகிறது. படகு தானாக அசைந்து எழும்புகிறது. தண்ணீர் ஏறும் என்று காத்திருந்து பழகிய எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கை தட்டிய சத்தம், ஷூட்டிங்கில் எம்.ஜி.ஆருக்குத் தட்டியதற்குக் குறைந்ததல்ல.

உகாண்டாவிலும் காங்கோவிலும் போய்ப் படமெடுத்தாலும், நடிகர்கள் தண்ணீரில் இறங்குகிற காட்சிகளை நோய்க்குப் பயந்து லண்டன் ஸ்டுடியோத் தொட்டியில் வைத்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். படப்பிடிப்புக் குழுவில் பலர் வயிற்றுக்கோளாறிலும் காய்ச்சலிலும் படுத்துவிட்டார்களாம்.

'டென் கமாண்ட்மென்ட்ஸ்' பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதிகம் சொல்ல முடியவில்லை. செசில் பி. டிமில் 1956இல் செங்கடலைப் பிளந்து காட்டினார். தொட்டியில் கொட்டிய தண்ணீரைப் படம் பிடித்து அதைப் பின்னோக்கி ஓட்டிச் செய்த வித்தை. சின்ன வயதில் அந்தக் காட்சிக்காகவே அந்தப் படம் மறுபடி எப்போது வரும் என்று காத்திருந்தேன். 2004 டிசம்பர் 26 காலைக்குப் பிறகு, சுவராக நிற்கிற தண்ணீரை என்னால் திரையில் பார்க்க முடிவதில்லை. முகத்துவாரத்தின் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டில் எத்தனையோ வீடுகளில் ஆள் இல்லாமல் போயிற்று. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களைச் சுரபுன்னையும் கண்டலும் தாங்கிக்கொண்டன. அதை ஆராய்ந்து எழுத வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு படகுகள் உள்ளே போயின.

மாமா இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்து, என் மகன் டிவியில் ஆஃப்ரிக்கன் குவீனைப் போட்டுக் காட்டினான். அம்மா எந்த மார்னிங் ஷோவுக்கும் வந்ததில்லை. மீன் விற்கிற நேரமும் அந்த நேரமும் ஒன்று. கதையை நான் சொன்னேன். படகில் இருந்த ஆப்பிரிக்கப் பையன் ஒருவனுக்கு, என்னையறியாமலே மாணிக்கம் என்று பெயர் வந்துவிட்டது.

படகை இழுக்கிற காட்சியில் அப்பா ஒன்றும் பேசவில்லை. தொட்டி என்று அவர் கண்டுபிடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது போகார்டின் தோளை. "கயிறு சரியான எடத்துல இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவரை உலுக்கிவிட்டது இன்னொரு காட்சி. நீராவி எந்திரம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், போகார்ட் எழுந்துபோய் அதை ஓர் உதை உதைப்பார், ஓடும். உள்ளே ஸ்க்ரூடிரைவர் விழுந்து கிடப்பதால் அப்படி, கழற்றினால் சரியாகிவிடும், ஆனால் உதைப்பதே பிடித்திருக்கிறது என்று அவர் ஹெப்பர்னுக்கு விளக்குகிற இடத்தை நான் சொன்னதும் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நம்ம பழைய எஞ்சினு! நம்ம பழைய எஞ்சினேதான்!"

"சிரிப்பு வருதா?" என்றாள் அம்மா. "மெக்கானிக்க கூட்டியாங்கன்னு நாயா கத்துனேன். ஒதைச்சு ஒதைச்சே அத கடல்ல வுட்டீங்க."

"அது தானா வுழுந்துச்சு."

"அந்தப் பொம்பள மாதிரி நானும் சுக்கான புடிச்சிருந்தா வுழுந்துருக்காது. குடுத்தீங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பி, படத்தைக் கொஞ்சம் பின்னால் போடச் சொன்னார். அந்தம்மா சுக்கான் பிடிக்கிற இடத்தை அவர்கள் இருவரும் பார்க்க வேண்டுமாம்.